பெட்டியில் வந்த மருந்து

கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் நாளை நம் கடற்கரை ஊர்களின் இல்லங்கள் நன்கறியும். வந்தவர் குளித்து உண்டு களைப்பாறும் வரை பெட்டி திறக்கப்படுவதில்லை. திறக்கப்படும் வேளையில் வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்திருப்பர். துணிகளும் சவர்க்காரமும் பிஸ்கட் டின்னும் கைக்கு வருமுன், அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு ஒரு மணம் கூடத்தில் பரவும். கற்பூரமும் கிராம்பும் புதினாவும் கலந்த மணம் அது. பிள்ளைகளுக்கு மிட்டாய் எப்படியோ, அப்படியே முதியோர்க்குத் தைலம். "புலித் தைலம் கொண்டு வந்தாயா? கோடாலித் தைலம் எத்தனை புட்டி?" என்று உள்ளறையிலிருந்து கேட்காத மூதாட்டி அந்நாளில் இல்லை.

எழுபதைக் கடந்துவிட்ட நமக்கும் இப்போது முழங்கால் வலி வந்து சேர்ந்திருக்கிறது. தைலப் புட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டு நினைவுகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, சிங்கப்பூரில் நம் தோளைக் குணப்படுத்திய சீன வைத்தியருடையது. மற்றொன்று, நம் கையால் நாமே நம் தாயாருக்கு இழைத்த தீங்கினுடையது. முன்னதை நாம் பலரிடமும் சொல்லியிருக்கிறோம். பின்னதை எழுதுவது இதுவே முதல் முறை.

முதலில் தைலத்தைப் பற்றிச் சில செய்திகள். புலித் தைலம் பிறந்த ஊர் சிங்கப்பூர் அன்று, ரங்கூன். ஆவ் சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியர் 1870களில் அந்நகரில் 'எங் ஆன் டோங்' என்னும் மருந்துக் கடையைத் தொடங்கினார். 1908இல் அவர் மறைந்த பின் அவர் மக்களான ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் தொழிலை வளர்த்தனர். 'ஹாவ்' என்றால் புலி என்று பொருள். அப்பெயரே தைலத்தின் பெயராயிற்று. 1926இல் அவர்கள் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினர். கோடாலித் தைலமோ 1928இல் சிங்கப்பூரிலேயே தோன்றியது.

புலியின் கொழுப்பு சேர்த்த தைலம் என்று எண்ணி, நம் குடும்பத்திலேயே சிலர் அதைத் தொட அஞ்சியதுண்டு. அந்த அச்சத்திற்கு இடமில்லை. கற்பூரம், மென்தால், காயாபுட்டித் தைலம், புதினா எண்ணெய், கிராம்பு எண்ணெய் ஆகியவையே அதில் உள்ளவை. மென்தால், தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த உணர்வு மேலோங்க, வலி சற்று அடங்குகிறது. தேய்க்கும் கையின் சூடும் அழுத்தமும் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. மூட்டின் தேய்மானத்தைத் தைலம் மாற்றுவதில்லை. ஆயினும் ஒரு முதியவர் இரவில் கண்ணயர அது உதவுமானால், அந்த உதவி சிறியதன்று.

இனி நம் தோளின் கதைக்கு வருவோம்.

1974ஆம் ஆண்டு நாம் சிங்கப்பூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்து வந்தோம். வயது இருபத்து மூன்று. அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றும்போது கால் இடறி, மூட்டையோடு சரிந்தோம். எலும்பு முறியவில்லை, ஆனால் வலத்தோள் இறுகிப் போயிற்று. சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826ஆம் ஆண்டிலேயே நம் முன்னோரான சூலியா வணிகர்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே அஸர் தொழுகைக்கு நின்ற நாம், தக்பீருக்குக் கையை உயர்த்த முடியாமல் தவித்தோம். அருகில் நின்ற கீழக்கரைக் காக்கா ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். தொழுகை முடிந்ததும், "தம்பி, இதை இப்படியே விட்டால் கை இறுகிவிடும். வா, பக்கத்தில் ஒரு சின்சே இருக்கிறார்" என்று அழைத்துச் சென்றார். சீன வைத்தியரைச் சிங்கப்பூரில் அனைவரும் சின்சே என்றே அழைப்பர். பள்ளிவாசல் இருப்பதே சீனர் வாழும் பகுதியின் நடுவில் ஆகையால், இரண்டு சந்து கடந்தால் அவர் கடை.

சின்சே முதலில் தொட்டது நோவில்லாத இடத்தோளை. நலமான தோள் எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகே வலத்தோளுக்கு வந்தார். நாடி பார்த்தார், நாவை நீட்டச் சொன்னார். காய்ச்சல் உண்டா, விரல் மரத்துப் போகிறதா, இரவில் வலி கூடுகிறதா என்று மலாய் மொழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். "எலும்பு முறிந்திருந்தால் உங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். இது தசை" என்றார்.

பின்னர் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். அரிசி மதுவில் மூலிகைகளை மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த பூச்சுத் தைலம் அது. அடி, சுளுக்கு, தசைப் பிடிப்பு ஆகியவற்றுக்குச் சீனர் பெரிதும் நம்பும் மருந்து. மதுவின் வாடை மூக்கில் பட்டதும் நாம் பின்வாங்கினோம். வெளிப்பூச்சாக இத்தகையதைப் பயன்படுத்துவது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வயதில் நாம் அதை அறியோம். சின்சே நம் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் புட்டியை மூடி வைத்துவிட்டு, ஒரு பொடியைத் தேனில் குழைத்துச் சூடாக்கிப் பற்றுப் போட்டுத் துணியால் கட்டினார்.

அந்தப் பற்றின் மணம் நம்மைத் திகைக்க வைத்தது. அது நம் வீட்டு மணம். குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் சேர்ந்த மணம். "இவை எங்கிருந்து வருகின்றன?" என்று கேட்டோம். "அரபு நாட்டுப் பக்கமிருந்து. என் பாட்டனார் காலத்துக்கும் முன்பிருந்தே அப்படித்தான்" என்றார் சின்சே.

அவர் கூற்று மெய்யென்பதைப் பிற்காலத்தில் நூல்களில் கண்டோம். வெள்ளைப்போளத்திற்குச் சீனர் வழங்கும் பெயர், 'முர்' என்னும் அரபுச் சொல்லின் வழியே பிறந்ததாகும். 1974இல், நாம் பற்றுப் போட்டுக்கொண்ட அதே ஆண்டில், சீனத்தின் சுவான்சோ விரிகுடாவில் சுங் அரச மரபுக் காலத்துக் கப்பல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மிளகும் நறுமணக் கட்டைகளும் குந்துருக்கமும் அதில் இருந்தன. சரக்கு மட்டுமன்று, அறிவும் கடல் கடந்திருக்கிறது. 'ஹுய்ஹுய் யாவ்ஃபாங்', அதாவது முஸ்லிம்களின் மருத்துவ முறைகள், என்ற பெயரில் சீன மொழியில் ஒரு பெருநூல் இருந்தது. அதன் 36 பகுதிகளில் 4 மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. எலும்பு முறிவுக்கும் காயங்களுக்கும் உரிய சிகிச்சை அந்த நான்கில் ஒன்றில் இருக்கிறது. மருந்துப் பெயர்கள் பல அரபு எழுத்திலும் அதில் காணப்படுகின்றன.

வலியைப் பற்றிய சீனரின் எண்ணமும் நமக்கு அந்நியமன்று. காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றும் உடலில் புகுந்து ஓட்டத்தைத் தடுப்பதால் மூட்டு நோகிறது என்பது அவர்களுடைய பழைய மருத்துவ நூலின் கொள்கை. இடம் விட்டு இடம் மாறும் வலி காற்றினால். கடுமையாகக் குத்தும் வலி குளிரினால். கனத்து ஓரிடத்தில் நிற்கும் வலி ஈரத்தினால் என்று அவர்கள் பிரிப்பர். 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? குவளையைத் தோலில் கவிழ்த்து உறிஞ்சவிடும் அவர்களுடைய முறை, நாம் அறிந்த ஹிஜாமாவுக்கு உறவானது. அவர்கள் சூடு காட்ட எரிக்கும் இலை, நம் சித்த வைத்தியர் அறிந்த மாசிப்பத்திரியின் இனம்.

இரண்டு நாளுக்கு ஒரு முறையாக மூன்று முறை பற்று மாற்றினார். அதன்பின் மருந்தை நிறுத்திவிட்டு, சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலேற்றும் பயிற்சியைக் கற்பித்தார். மூன்றாவது வாரம் தக்பீருக்குக் கை உயர்ந்தது. இத்தகைய சுளுக்குகள் பல, தாமாகவே சில வாரங்களில் ஆறிவிடும் என்பதை இன்று அறிவோம். ஆதலால் பற்றின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம். அவர் நம்மைத் தொட்டுப் பார்த்தார், கேட்டார், வேண்டாததை விலக்கினார், போதும் என்றபோது நிறுத்தினார். நாம் கொடுத்தது மும்முறைக்கும் சேர்த்துப் பதினைந்து வெள்ளி.

இந்த அனுபவமே நம் கண்ணை மறைத்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

1979இல் ஊருக்குப் புறப்பட ஆயத்தமானோம். தாயாரின் முழங்கால்கள் வீங்கி, கிணற்றடிக்குப் போவதும் அரிதாகிவிட்டது என்று கடிதம் வந்திருந்தது. உடன் வேலை செய்த ஒருவர், "மூட்டுக்கு ஒரு சீன மாத்திரை இருக்கிறது, மூன்றே நாளில் எழுந்து நடப்பார்கள்" என்றார். அவர் காட்டிய கடையில் பத்துப் பொட்டலம் வாங்கினோம். மிளகைப் போன்ற கரிய உருண்டைகள். மேலே முழுவதும் சீன எழுத்து. சீன மருந்துதானே, நம் தோளை ஆற்றியதும் அதுதானே என்று நம்பினோம். சின்சேயிடம் ஒரு முறை காட்டிக் கேட்டிருக்கலாம். அவர் கடை நடந்து போகும் தொலைவுதான். கப்பல் ஏறும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை.

'சிதம்பரம்' கப்பலில் சென்னைக்கு வந்து ஊர் சேர்ந்தோம். பெட்டி திறந்தோம். உம்மா அந்த மாத்திரைகளை உண்டார்கள். மெய்யாகவே மூன்றாம் நாள் எழுந்து கிணற்றடிக்கு நடந்தார்கள். வீடே வியந்தது. அண்டை வீட்டார் வந்து பார்த்தனர். "நீ அனுப்பியது மருந்தல்ல வாப்பா, காலையே அனுப்பியிருக்கிறாய்" என்று உம்மா நம் கன்னத்தைத் தடவினார்கள். அந்தச் சொல்லின் இன்பத்தில் நாம் மீண்டும் சிங்கப்பூர் போனோம். ஊருக்குப் போகும் சபராளிகள் ஒவ்வொருவரிடமும் பொட்டலம் கொடுத்தனுப்பினோம்.

வீட்டிலிருந்து மகிழ்ச்சியான கடிதங்களே வந்தன. "உம்மாவுக்குச் சதை போட்டிருக்கிறது, முகம் பூரித்து நிலா போல் இருக்கிறது" என்று ஒரு கடிதம். அதைத் திரும்பத் திரும்ப வாசித்து மகிழ்ந்தோம். முகம் மட்டும் உருண்டு, கையும் காலும் மெலிந்து வந்ததை யாரும் எழுதவில்லை, அவர்கள் கவனிக்கவுமில்லை.

1980இல் ஒரு மாத காலம் ஊருக்குப் போகும் ஆள் யாரும் அமையவில்லை. வீட்டில் மாத்திரை தீர்ந்து போயிற்று. சில நாட்களில் உம்மா வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார்கள். நமக்குத் தந்தி வந்தது. கடன் வாங்கி விமானத்தில் வந்து சேர்ந்தபோது, அவர்கள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார்கள்.

அங்கிருந்த மருத்துவர் முதலில் நோயைப் பற்றிப் பேசவில்லை. "என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்றே கேட்டார். பொட்டலத்தின் உறையைக் காட்டினோம். சீன எழுத்தை அவராலும் வாசிக்க இயலவில்லை. ஆனால் நோயாளியின் உடலையே அவர் வாசித்துவிட்டார். உருண்ட முகம், மெலிந்த கைகால், தொட்டாலே நீலம் பாயும் தோல், ஏறியிருந்த சர்க்கரை. "மூலிகையின் பெயரால் ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள்" என்றார். அது வீக்கத்தை விரைந்து அடக்கும் வலிய மருந்து. தக்க நோய்க்குத் தக்க அளவில் உயிர் காப்பது. மாதக்கணக்கில் உட்கொண்டால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலைகிறது. ஆகவே அதே மருந்தை அளவிட்டுக் கொடுத்து, பல மாதங்களில் சிறுகச் சிறுகக் குறைத்து மீட்டார். உயிர் மீண்டது. ஆனால் எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. உம்மா அதன்பின் நிமிர்ந்து நடக்கவில்லை. 1991இல் இறையடி சேரும் வரை நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள். ஒரு நாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. அதுவே நமக்குப் பெரிய பாரம்.

இது நம் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. மூட்டுவலிக்கான சீன மூலிகை மருந்து என வாங்கி உண்டவர்களுக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவில் குறைந்ததை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏடு 1975ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தது. அவற்றில் அமினோபைரின், ஃபினைல்பூட்டசோன் என்ற வலிமாற்றிகள் மறைவாகக் கலந்திருந்தன. மூட்டுவலிக்கு மூலிகை என விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருப்பதைக் கண்டறிந்து, சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பிற்காலத்தில் பலமுறை எச்சரித்திருக்கிறது. மெய்யான மூலிகையிலும் நஞ்சுண்டு. மூட்டுவலிக்குச் சீனர் பக்குவப்படுத்திப் பயன்படுத்தும் வேர்களுள் ஒன்று நம் வச்சநாபியின் இனம். பக்குவம் தவறினால் இதயத்தைத் தாக்கும்.

1982இல் மீண்டும் சிங்கப்பூர் சென்றபோது அந்தச் சின்சேயைத் தேடிப் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாளின் நாடியை நான் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை, மாத்திரை விற்றவனும் பார்க்கவில்லை. அப்படியிருக்க, அதைச் சீன வைத்தியம் என்று ஏன் சொல்கிறாய்?" என்று கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அவர் கேள்வியின் நியாயம் வயதாக வயதாகவே நமக்கு விளங்கியது. ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டு மற்றவருக்கு ஆகாது. அதே ஆளுக்கும் சில நாளில் மாற்றி எழுதப்படும். அந்த வைத்தியத்தின் முறை அதுவே. நாம் அதன் உறையை மட்டும் பெட்டியில் வைத்து அனுப்பினோம். நம் அன்பு மெய்யானது. ஆனால் அது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

சீன வைத்தியம் இன்று அளந்து பார்க்கப்படுகிறது. ஊசி குத்தும் முறையான அக்குபங்ச்சரை நாட்பட்ட முதுகுவலிக்கு ஜெர்மனியில் 1162 பேரிடம் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். முறைப்படி குத்தப்பட்டவருள் ஏறத்தாழ 48 விழுக்காட்டினரும், பெயரளவில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவருள் 44 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 27 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். ஊசி எந்த இடத்தில் குத்தப்பட்டது என்பதைவிட, ஒருவர் பொறுமையாக அமர்ந்து கவனித்ததே பெரும்பங்கு உதவியது போலும். சிங்கப்பூரின் பூங்காக்களில் விடியற்காலையில் சீன முதியோர் மெதுவாகக் கைகால் அசைத்துச் செய்யும் 'தாய்ச்சி' பயிற்சியை நாம் அந்நாளில் வேடிக்கையாகப் பார்த்ததுண்டு. முழங்கால் தேய்மான வலிக்கு அதை உறுதியாகப் பரிந்துரைப்பதாக அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் தன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் குறிப்பிட்டது. பெட்டியில் வைத்து அனுப்ப முடியாத மருந்து அது.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி சீன வைத்தியர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். நாடிச் செல்ல விரும்புவோர் பதிவு பெற்றவரிடம் செல்லலாம். உண்ணும் மருந்தானால், உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் வாசிக்கும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். மது உண்டா, விலங்கின் பொருள் உண்டா என்பதும் அப்போதுதான் தெரியும். ஏற்கெனவே உண்ணும் மருந்துகளின் பட்டியலை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பல மாத வலி மூன்றே நாளில் மறைந்தால், மகிழ்வதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும்.

சென்ற ஆண்டு சிங்கப்பூரிலிருந்து நம் மகன் வந்தான். பெட்டி திறந்தான். அதே பழைய மணம். தைலப் புட்டியோடு ஒரு மாத்திரைப் பெட்டியையும் எடுத்து வைத்து, "வாப்பா, மூட்டுவலிக்கு இது மிக நல்லதாம். கூட வேலை செய்பவர் சொன்னார்" என்றான். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. கோபிக்க நமக்கு ஏது தகுதி? அலமாரியைத் திறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மடித்து வைத்திருக்கும் அந்தப் பொட்டல உறையை அவன் கையில் கொடுத்து, அவன் காணாத அவனுடைய உம்மும்மாவின் கதையைச் சொன்னோம். கேட்டு முடித்தவன் மாத்திரைப் பெட்டியைத் தானே எடுத்து அப்புறப்படுத்தினான். பிறகு கீழே அமர்ந்து, தைலத்தை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துச் சூடாக்கி, நம் முழங்காலில் கை வைத்தான்.